மோட்டாருக்குக் காவல் உண்டு, வைஃபை பெட்டிக்கு?

கோடை மழையின் முதல் இடி இறங்கிய மறுநாள் காலை, தேனி மாவட்டக் கூடலூரில் ஓயாமல் அடிப்பது கேபிள்காரர்களின் போன்தான். "அண்ணே, பெட்டியில லைட்டே எரியல." "ராத்திரி கரண்டு போய்ட்டு வந்துச்சு, அதுல இருந்து நெட்டு இல்ல." மதியத்துக்குள் கடை மேசையில் செத்த வைஃபை பெட்டிகள் குவிந்துவிடும். ஐப்பசி மழையிலும் இதே கதை. ஆடிக்காற்றில் தென்னை மட்டை விழுந்து கம்பிகள் உரசும் நாட்களிலும் இதே கதை. காரணமே தெரியாமல் சாகும் பெட்டிகள் தனிக் கணக்கு. ஐந்தாறு ஆண்டு உழைக்க வேண்டிய கருவி ஒன்றரை ஆண்டில் முடங்குகிறது. "சைனா சாமான், இவ்வளவுதான் வரும்" என்று நம்மை நாமே தேற்றிக்கொண்டு அடுத்ததை வாங்குகிறோம்.

இந்தச் சமாதானத்தை நாம் கைவிட வேண்டும். வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் வயதாகிச் சாவதில்லை. சூடும் ஒழுங்கற்ற மின்சாரமும் சேர்ந்து அவற்றைக் கொல்கின்றன. இரண்டையும் தடுக்க முடியும். தடுக்கும் வழியும் இந்த ஊருக்குப் புதிதில்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சையும் தென்னையும் வாழையும் வைத்திருப்பவர்களுக்கு மின்சாரத்தின் குணம் நன்றாகத் தெரியும். மூன்று பேஸில் ஒன்று போனால் மோட்டார் காயில் கருகும் என்பதால் பேனலில் சிங்கிள் பேஸ் பிரிவென்டர் வைத்திருக்கிறார்கள். வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் அதிக ஆம்பியர் இழுத்துச் சூடாகும் என்பதால் ரிலே வைத்திருக்கிறார்கள். எர்த் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, கோடையில் மறக்காமல் தண்ணீர் ஊற்றுகிறார்கள். காயில் கட்டக் கொடுத்தால் எத்தனை ஆயிரம் ஆகும், அதுவரை தண்ணீர் பாயாமல் கொடி என்ன ஆகும் என்று பட்டறிந்ததால் வந்த எச்சரிக்கை அது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை இந்த எச்சரிக்கையில்தான் விளைகிறது. அதே விவசாயியின் வீட்டில், டிவிக்குப் பின்னால் தொங்கும் ரவுட்டருக்கு என்ன காவல் இருக்கிறது? ஏற்கெனவே மூன்று பிளக் சொருகியிருக்கும் ஒரு மல்டி பிளக். அது மட்டும்தான்.

பெட்டி போனால் போகட்டும் என்று இருந்த காலம் 2020-ஓடு முடிந்துவிட்டது. கொரோனா ஊரடங்கில் பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்த பிறகு இணையம் இந்த ஊரிலும் தண்ணீர், கரண்டு வரிசையில் சேர்ந்துவிட்டது. சென்னை, பெங்களூரு கம்பெனிகளுக்குக் கூடலூரில் உட்கார்ந்தே வேலை பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வெளிநாட்டில் வேலை செய்யும் தகப்பனின் முகத்தைப் பிள்ளை பார்ப்பது இந்தப் பெட்டி வழியாகத்தான். வில்லங்கச் சான்று, பட்டா நகல், அரசுத் தேர்வு விண்ணப்பம் எல்லாம் இதன் வழிதான். விடியுமுன் ஜீப் ஏறிக் குமுளி மலைக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் குடும்பங்கள் நிறைந்த ஊர் இது. அப்படி ஒரு வீட்டில், "பெட்டி போச்சு, புதுசுக்கு ஆயிரத்து ஐந்நூறு எடுத்து வைங்க" என்று சொன்னால், அது எத்தனை நாள் கூலி என்று கணக்குப் பார்க்க வேண்டும். எனவே இது சின்ன விஷயம் இல்லை.

அடாப்டருக்குள் நடப்பது

மின்சாரம் பிறக்கும் இடத்துக்கு இத்தனை அருகில் இருக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் அதிகமில்லை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வந்து, ராட்சதக் குழாய்களில் இறங்கி, லோயர் கேம்ப்பில் உள்ள பெரியாறு நீர்மின் நிலையத்தின் நான்கு எந்திரங்களைச் சுழற்றுகிறது. 1950-களின் இறுதியிலிருந்து ஓடும் நிலையம் அது. ஆனால் அங்கே பிறக்கும் மின்சாரம் உயரழுத்தக் கம்பியேறி மாநிலத் தொகுப்போடு கலந்துவிடுகிறது. உங்கள் வீட்டுக்கு வரும் மின்சாரத்தின் தரத்தை முடிவு செய்வது, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து உங்கள் மீட்டர் வரைக்குமான சில நூறு மீட்டர் கம்பியும், அதிலுள்ள இணைப்புகளும்தான். அந்தக் கடைசித் துண்டில் நடக்கும் ஒவ்வொரு கோளாறும் முதலில் மோதுவது ரவுட்டரின் அடாப்டரில்.

செத்துவிட்டது என்று ஒதுக்கப்பட்ட பெட்டிகளில் பலவற்றில் பழுதே இருப்பதில்லை. அதோடு வந்த அடாப்டர்தான் போயிருக்கும். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய அந்த அடாப்டரைப் பிளந்து பார்த்தால் உள்ளே இரண்டு உருளைகள் தெரியும். கரண்டு நுழையும் பக்கம் இருப்பதில் 400 வோல்ட் என்றும், வெளியேறும் பக்கம் இருப்பதில் 16 வோல்ட் அல்லது 25 வோல்ட் என்றும் அச்சிட்டிருக்கும். இவை எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள். உள்ளே ஈரமான ஒரு ரசாயனக் கலவை இருக்கிறது. சூட்டில் அந்த ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக வற்றும். வற்றிய கெப்பாசிட்டரின் தட்டையான தலை உப்பிக் குவியும். சிலவற்றில் பழுப்பு நிறக் கசிவு தெரியும். அந்த நிலையில் அடாப்டர் 12 வோல்ட்டை நிலையாகத் தர முடியாது.

உடனே செத்துவிடவும் செய்யாது என்பதுதான் குழப்பம். வீட்டில் ஒருவர் மட்டும் கைபேசி பார்த்தால் ஓடும். இரவில் நான்கு பேர் சேர்ந்து பார்க்கும்போது பெட்டி அதிக ஆம்பியர் கேட்கும். அடாப்டர் தர முடியாமல் வோல்டேஜ் சரியும். பெட்டி தானாக அணைந்து எரியும். "சாயங்காலமானா நெட்டு விட்டு விட்டு வருது" என்ற புகாரில் ஒரு பகுதி இதுதான். மீட்டர் வைத்துப் பார்த்தாலும் சும்மா இருக்கும் அடாப்டர் 12 வோல்ட் சரியாகக் காட்டும். பாரம் ஏறும்போதுதான் அதன் வண்டவாளம் வெளிப்படும். எனவே புதுப் பெட்டி வாங்கும் முன், அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர் உள்ள நல்ல அடாப்டர் ஒன்றை மாட்டிப் பாருங்கள். ஆம்பியர் கூடலாம், வோல்ட் மாறக் கூடாது. 9 வோல்ட் ரவுட்டருக்கு செட்டாப் பாக்ஸின் 12 வோல்ட் அடாப்டர் பின் பொருந்துகிறதே என்று சொருகி, நல்ல பெட்டியைச் சாகடித்த வீடுகள் உண்டு.

இனி கெப்பாசிட்டரின் கணக்கைக் கேளுங்கள். அதன் மேலுறையில் 85 அல்லது 105 என்று ஒரு எண் இருக்கும். அது தாங்கும் உச்ச வெப்பம், செல்சியஸில். அந்த உச்சத்திலேயே வைத்தால் 2,000 மணி நேரம் உழைக்கும் என்பது சாதாரண ரகத்துக்கு உற்பத்தியாளர் தரும் கணக்கு. ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ரவுட்டரை நாம் அணைப்பதே இல்லை. ஆண்டுக்கு 8,760 மணி நேரம் ஓடுகிறது. 105 டிகிரி ரகம் 65 டிகிரிச் சூட்டில் இருந்தால் 32,000 மணி நேரம், அதாவது மூன்றரை ஆண்டுக்குச் சற்று மேல் வரும். அதையே 55 டிகிரிக்கு இறக்கினால் ஏழு ஆண்டு தாண்டும். 75 டிகிரிக்கு ஏற்றினால் இரண்டாண்டுகூட வராது. மலிவு அடாப்டரில் 85 டிகிரி ரகத்தைப் போட்டு அதே 65 டிகிரியில் வைத்தால் 8,000 மணி நேரம். ஓராண்டு முடியும் முன்பே கதை முடிந்தது. சில ரூபாய் வித்தியாசத்துக்காகத் தயாரிப்பாளர் செய்யும் இந்தச் சிக்கனம், வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு அடாப்டரும் ஒன்றுபோலவே இருக்கும்.

பெட்டி இருக்கும் இடம்

ரவுட்டர் எடுக்கும் மின்சாரம் சுமார் 10 வாட். மாதத்துக்கு ஏழு யூனிட்டைச் சற்றுத் தாண்டும். பில்லில் அது பெரிதில்லை. ஆனால் அந்த மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் கடைசியில் சூடாகவே வெளியேறுகிறது என்பதை நாம் யோசிப்பதில்லை. அந்தச் சூடு போக வழி வேண்டும். பெட்டியின் அடியிலும் பக்கத்திலும் உள்ள துளைகள் அதற்குத்தான்.

நம் வீடுகளில் பெட்டி எங்கே இருக்கிறது? செட்டாப் பாக்ஸின் தலைமேல். ஷோகேஸ் கண்ணாடிக்குள். டிவிக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கில். தூசி படாமல் இருக்கட்டும் என்று பூவேலை செய்த துணியைப் போர்த்திய பெட்டிகளையும் பார்த்திருக்கிறேன். அன்போடு செய்யும் கெடுதல் அது. சிக்னல் நன்றாக வரும் என்று பரணில் ஏற்றி வைப்பவர்கள் உண்டு. தகரமோ சிமெண்ட் ஷீட்டோ போட்ட வீட்டில், சித்திரை வெயிலில், வீட்டிலேயே சூடான இடம் பரண்தான். பல ரவுட்டர்களின் குறிப்பில் சுற்றுப்புற வெப்பம் 40 டிகிரி வரை இருக்கலாம் என்று எழுதியிருக்கும். அந்த எல்லையை மதியமே தாண்டிவிட்ட இடத்தில் பெட்டியை வைத்துவிட்டு நிறுவனத்தைத் திட்டிப் பயனில்லை.

மேற்கு வெயில் படாத உட்சுவரில், தலை உயரத்தில், நான்கு பக்கமும் ஒரு சாண் காற்று ஓட, ஆணியில் மாட்டுங்கள். பெரும்பாலான பெட்டிகளின் முதுகில் அதற்கான துளை இருக்கிறது. அதைப் பயன்படுத்துவோர் குறைவு. மினி யூபிஎஸ் வைத்திருந்தால் அதைப் பெட்டியின் மேலேயோ அடியிலேயோ வைக்க வேண்டாம். அதனுள் இருக்கும் லித்தியம் செல்லுக்கும் சூடு ஆகாது. சமையலறை எண்ணெய்ப் புகையும் சாமி விளக்குப் புகையும் படியும் இடம் கூடாது. கொல்லம்–தேனி தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிய வீடு, கடைகளில் தூசி அதிகம். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு உலர்ந்த பிரஷ்ஷால் துளைகளைத் துடைத்தால் போதும். கதகதப்புக்காக எறும்பும் கரப்பானும் பல்லியும் குடிபுகும். அதற்கும் சுத்தம்தான் மருந்து. பெட்டிக்குள் பூச்சி மருந்து அடிக்கக் கூடாது.

இரவில் அணைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அணைத்தால் கெடுதல் இல்லை, தேவைப்பட்டால் அணையுங்கள். ஆனால் சூடான இடத்தில் வைத்துவிட்டு இரவில் மட்டும் அணைப்பது, இடம் மாற்றுவதற்கு ஈடாகாது.

நியூட்ரல் அறுந்த இரவு

சூடு மெல்லக் கொல்லும். நியூட்ரல் ஒரே நொடியில் கொல்லும். இதைத்தான் ஊர் முழுக்கச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

தெருக் கம்பத்தில் மூன்று பேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரல் கம்பியும் வருகின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பேஸும் நியூட்ரலும் போகும். இரண்டுக்கும் இடையே 230 வோல்ட். ஆனால் ஒரு பேஸுக்கும் இன்னொரு பேஸுக்கும் இடையே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது. கம்பத்தில் நியூட்ரல் இணைப்பு துருப்பிடித்துத் தளர்ந்தாலோ, மட்டை விழுந்து அறுந்தாலோ, வேறு வேறு பேஸில் இருக்கும் வீடுகள் ஒன்றோடொன்று தொடராகக் கோத்துக்கொள்கின்றன. அப்போது அந்த 400 வோல்ட்டை வீடுகள் பங்கிட்டுக்கொள்ளும். பங்கு சமமாக இருக்காது. கிரைண்டரும் ஹீட்டரும் ஓடும் வீட்டில் வோல்டேஜ் இறங்கும். ஒரு பல்பும் ரவுட்டரும் மட்டும் எரியும் வீட்டில் ஏறும். குறைவாகக் கரண்டு எடுக்கும் ஏழை வீட்டின் மீதுதான் பெரிய அடி விழுகிறது.

அடாப்டருக்குள் இருக்கும் 400 வோல்ட் கெப்பாசிட்டரை நினைத்துப் பாருங்கள். 230 வோல்ட் மாறுமின்சாரத்தின் உச்சம் 325 வோல்ட். அதற்கு 400 போதும். கொஞ்சம் இடைவெளியும் இருக்கிறது. நியூட்ரல் போய் 400 வோல்ட் வந்துவிட்டால் அதன் உச்சம் 560-ஐத் தாண்டும். கெப்பாசிட்டர் பட்டென்று வெடிக்கும். அடாப்டரோடு நின்றால் பெட்டி தப்பும். அடாப்டரின் தடுப்பு உடைந்து உள்ளே இறங்கினால் பெட்டியும் சேர்ந்து போகும். டிவி, ஃபிரிட்ஜ், கைபேசி சார்ஜர் எல்லாம் வரிசையாகப் போன தெருக்களில் நடந்தது இதுதான்.

அறிகுறியைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். திடீரென்று பல்பு கண்ணைக் கூசும் அளவுக்கு எரிந்து, ஃபேன் வெறிபிடித்துச் சுற்றினால், அதே நேரத்தில் பக்கத்து வீட்டில் விளக்கு மங்கினால், நியூட்ரல் போய்விட்டது என்று பொருள். உடனே மெயினை அணையுங்கள். பக்கத்து வீட்டுக்கும் குரல் கொடுங்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. சுவரில் எழுதி வைக்க வேண்டிய எண்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். "ஸ்பைக் கார்டு போட்டிருக்கேன், ஒண்ணும் ஆகாது" என்கிறார்கள். ஸ்பைக் கார்டுக்குள் இருக்கும் வேரிஸ்டர் என்ற சிறு வட்டு, கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து போகும் மின் எழுச்சியை விழுங்கத்தான் செய்யப்பட்டது. நியூட்ரல் போய் நிமிடக்கணக்கில் 400 வோல்ட் நின்றால் அந்த வட்டே கருகிவிடும். ஒவ்வொரு அடிக்கும் அது தேய்கிறது என்பதால், சில மழைக்காலம் கண்ட ஸ்பைக் கார்டு சில நேரம் வெறும் மல்டி பிளக்காகத்தான் இருக்கும். நீடித்த அதிக வோல்டேஜுக்குத் தனிக் காவல் வேண்டும். வோல்டேஜ் குறிப்பிட்ட அளவுக்கு மேலோ கீழோ போனால் வீட்டுக்கான மின்சாரத்தையே துண்டித்து, சீரானதும் சற்று நேரம் கழித்துத் தானே சேர்க்கும் கட்-ஆஃப் கருவி கடைகளில் கிடைக்கிறது. மெயின் போர்டில் மாட்டலாம். விலை ஒரு புது ரவுட்டரின் விலையளவுதான். காப்பாற்றுவது வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளையும். மோட்டார் பேனலில் ரிலே வைத்த கைக்கு இது புரியாத விஷயமே இல்லை.

அதோடு எர்த். வீட்டு ஸ்விட்ச் போர்டில் மூன்று துளை இருக்கும். மேலே உள்ள பெரிய துளைக்குப் பின்னால் கம்பியே இல்லாத பழைய வீடுகள் ஏராளம். ரவுட்டர் அடாப்டர் இரண்டு பின் கொண்டது, அதற்கு எர்த் எதற்கு என்று கேட்கலாம். ஸ்பைக் கார்டு இடியின் வீச்சை இறக்கிவிட ஒரு வழி வேண்டும். அந்த வழி எர்த். அது இல்லாத வீட்டில் ஸ்பைக் கார்டு பாதி வேலைதான் செய்யும். எர்த் மனித உயிருக்கும் காவல் என்பதால், ரவுட்டரைச் சாக்காக வைத்தாவது வயர்மேனைக் கூப்பிட்டுச் சோதித்துவிடுங்கள்.

இடி பற்றியும் ஒரு வார்த்தை. பழைய செப்புக் கம்பி டெலிபோன் லைனில் இணையம் வந்த நாட்களில், இடி இடித்தால் லைனைப் பிடுங்கும் பழக்கம் வீட்டுக்கு வீடு இருந்தது. ஃபைபர் வந்ததும் அது போய்விட்டது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பது உண்மை. ஆனால் அடாப்டர் மின்கம்பியில்தான் சொருகியிருக்கிறது. தவிர, ஃபைபர் ஒயரைத் தாங்க அதனுடன் ஓடும் எஃகுக் கம்பியைச் சுவருக்கு வெளியிலேயே வெட்டிக் கட்டாமல் பெட்டி வரை இழுத்து வருபவர்கள் இருக்கிறார்கள். மொட்டை மாடியிலிருந்து மொட்டை மாடிக்கு லேன் கேபிள் இழுத்து இணைப்புக் கொடுப்பது இன்னும் மோசம். அது செப்பு, பக்கத்தில் இடி இறங்கினாலே போதும், அந்தக் கேபிளில் கோத்த வீடுகளின் பெட்டிகள் சேர்ந்து சாகும். எனவே இடி கேட்டதும் பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்விட்சை மட்டும் அணைப்பது போதாது. லேன் கேபிள் இருந்தால் அதையும் கழற்றுங்கள். கரண்டு போய் வந்த பிறகு இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து மாட்டுங்கள்.

சாகாத பெட்டிகளும் வெளித் தாக்குதலும்

பெட்டியில் சிவப்பு லைட் எரிந்தால் பெட்டி கெட்டுவிட்டது என்று பலரும் முடிவு கட்டுகிறார்கள். பெரும்பாலான ஃபைபர் பெட்டிகளில் அது வெளிச்சம் வரவில்லை என்பதன் அடையாளம். எலி கடித்திருக்கலாம், லாரி அறுத்திருக்கலாம், கட்டிலை நகர்த்தியபோது இழை மடங்கியிருக்கலாம். கண்ணாடி இழையைக் கூர்மையாக மடக்கினால் ஒளி கசிந்துவிடும். பச்சைநிற முனையைக் கழற்றி விரலால் துடைப்பதும் கெடுதல். கேபிள்காரர் மீட்டர் வைத்து ஒளியின் அளவைப் பார்க்காமல் பெட்டியை மாற்றச் சொன்னால், முதலில் அளந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

மின்சாரத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் பெட்டிகள் கூட்டமாகச் செத்ததும் நம் நாட்டில் நடந்திருக்கிறது. 2017 ஜூலையில் பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் வாடிக்கையாளர்களின் மோடம்களை ஒரு தீநிரல் தாக்கியது. 60,000-க்கும் மேற்பட்ட மோடம்கள் பாதிக்கப்பட்டதாகச் செய்திகள் வெளிவந்தன. தயாரிப்பின்போது வைத்த ‘அட்மின்’ போன்ற கடவுச்சொல்லை யாரும் மாற்றாததுதான் நுழைவாயில். ‘பிரிக்கர்பாட்’ என்ற அந்த நிரல் உள்ளே புகுந்து நினைவகத்தை அழித்துப் பெட்டியைப் பயனற்றதாக்கியது. அடுத்த ஆண்டு ‘விபிஎன்ஃபில்டர்’ என்ற நிரல் 54 நாடுகளில் ஐந்து லட்சம் கருவிகளில் நுழைந்திருப்பது கண்டறியப்பட்டது. நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுவதும், மென்பொருள் புதுப்பிப்பை ஏற்பதும் சில நிமிட வேலைதான். தெரியாவிட்டால் இணைப்புக் கொடுக்க வருபவரிடம் அப்போதே செய்து தரச் சொல்லுங்கள்.

யார் பொறுப்பு?

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி வீட்டுக்காரர் செய்ய வேண்டியது. ஆனால் எல்லாப் பாரத்தையும் வீட்டுக்காரர் தலையில் கட்டுவது நியாயமில்லை. பல வீடுகளில் அந்தப் பெட்டியே நிறுவனத்தின் சொத்து. இணைப்புக் கொடுக்க வருபவர் பத்து நிமிடத்தில் ஏதோ ஓர் ஆணியில் தொங்கவிட்டுப் போகிறார். ஆறு மாதம் கழித்துப் பெட்டி போனால், "கரண்டால போச்சு, வாரண்டி கிடையாது" என்று பதில் வருகிறது. அந்தக் கரண்டைச் சோதித்த பிறகுதானே பெட்டியை மாட்டியிருக்க வேண்டும்? இணைப்புக் கொடுக்கும் நாளிலேயே போர்டில் வோல்டேஜ், எர்த் இரண்டையும் அளந்து, வாடிக்கையாளர் அட்டையில் எழுதித் தருவதை நிறுவனங்கள் கட்டாயமாக்க வேண்டும். பெட்டியைக் காற்றோட்டமான இடத்தில் மாட்டுவது அவர்கள் வேலை. தனி அடாப்டரை நியாய விலையில் உள்ளூரிலேயே விற்க வேண்டும். முழுப் பெட்டியைத்தான் மாற்ற வேண்டும் என்று நிர்ப்பந்திக்கக் கூடாது. அடாப்டரை வெளியில் வாங்க நேர்ந்தால் பிஐஎஸ் முத்திரையும் ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத அடாப்டரை விற்பதே தவறு.

தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்துக்கும் ஒரு கோரிக்கை. மழைக்கு முன் மரக்கிளை வெட்டுவதுபோல, ஆடிக்கு முன்னும் ஐப்பசிக்கு முன்னும் ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் இணைப்பையும் எர்த்தையும் இறுக்கிச் சோதிக்க வேண்டும். லைன்மேன்கள் ஆள் பற்றாக்குறையில் எப்படி ஓடுகிறார்கள் என்பது ஊருக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. ஆள் கொடுப்பது மேலே இருப்பவர்களின் கடமை. 12,525 ஊராட்சிகளை இழையால் இணைக்கும் பணியைத் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் எடுத்திருக்கிறது. கருநாக்கமுத்தன்பட்டியோ சுருளிப்பட்டியோ, ஊராட்சி அலுவலகத்தில் வைக்கும் கருவிக்கும் நல்ல எர்த்தும் காற்றோட்டமும் இல்லாவிட்டால் வீட்டுப் பெட்டிக்கு நேர்வதுதான் அதற்கும் நேரும். அப்போது ஊரே இருளும்.

செத்த பெட்டிகள் எங்கே போகின்றன? பழைய இரும்புக் கடைக்கோ குப்பைக்கோ போகின்றன. செம்புக்காக ஒயரை எரிக்கும் புகையை நாம் எல்லோரும் சுவாசிக்கிறோம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின் பட்டியலில் ரவுட்டரும் மோடமும் இருக்கின்றன. திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. அந்தப் பொறுப்பு கூடலூர் வரை வந்து சேர, நகராட்சி வார்டுதோறும் சேகரிப்பு நாள் அறிவிக்க வேண்டும். பழுதுபார்க்கும் உரிமைக்கென 2022 டிசம்பரில் மத்திய அரசு ஓர் இணையதளம் தொடங்கியது. வீட்டு ரவுட்டரையும் அதில் பெயர் சொல்லிச் சேர்த்து, உதிரிபாகமும் விவரக் குறிப்பும் வெளியிட நிறுவனங்களைக் கேட்க வேண்டும். பெட்டி நியாயமில்லாமல் போய், நிறுவனம் கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். புகார் செய்யுங்கள், எத்தனை பெட்டி, எந்த ஊரில், எந்தக் காரணத்தால் போகிறது என்ற கணக்கு அப்போதுதான் அரசிடம் சேரும்.

இன்று மாலை வீட்டுக்குப் போனதும் உங்கள் பெட்டியின் மேல் உள்ளங்கையை வையுங்கள். கையை எடுத்துவிடத் தோன்றும் சூடு இருந்தால் இன்றே இடம் மாற்றுங்கள். அடுத்து வயர்மேன் வரும்போது எர்த்தைச் சோதிக்கச் சொல்லி, கட்-ஆஃப் கருவிக்கு விலை கேளுங்கள். ஆடிக்காற்று தொடங்குமுன் இந்த இரண்டையும் முடித்துவிடுங்கள்.